ஐந்து மணி பஸ்ஸும் மீதிப் பேச்சும்

1

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதெல்லாம் இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். தேயிலைக் கிளை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்து இறுகிப்போன விரல்கள் என்பதால் வரிகளும் மேட்டிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து போகும். மகள் திருத்தி எழுதித் தருகிறேன் என்றாள். பிறகு அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதனால் பிழையோடேயே அனுப்புகிறேன்.

என் பேர் சின்னையா. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஆத்துமேடு தோட்டம், மேல்பிரிவு, ஏழாம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா எங்களுடையது. எழுபத்தாறில் இலங்கையை விட்டுக் கப்பலேறி இந்தியா வந்தேன். இப்போது நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கேயும் தேயிலைதான், இங்கேயும் அட்டைக்கடிதான், குளிர் மட்டும் கொஞ்சம் காய்ந்த குளிர்.

ஹட்டனில் சேவியர் மாஸ்டர் ரோனியோ மெஷினில் அடித்து தோட்டங்களுக்கு அனுப்புகிற இதழ் எனக்கும் தபாலில் வரும். போன ஆடி மாதம் வந்ததில் தோட்டத் தொழிலாளர் தலைவர் சால்வைக்காரர் காலமாகிவிட்டார் என்று போட்டிருந்தது. அவருடைய சொந்தப் பேரை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். வெயிலோ மழையோ தோளில் பழுப்புச் சால்வை இல்லாமல் மேடை ஏறமாட்டார் என்பதால் எல்லாருக்கும் அவர் சால்வைக்காரர்தான். அவரைத் தெய்வம் என்று சொல்பவர்களும் உண்டு, தோட்டத் துரை பங்களாவில் பின்வாசல் வழியாகச் சாப்பிட்டவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் ஒரே லயத்தில் கேட்டிருக்கிறேன்.

அந்தச் செய்தியிலிருந்துதான் இது தொடங்கியது.

2

இங்கே எங்களைப்போலத் திரும்பி வந்தவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சால்வைக்காரர் இறந்ததைக் கேட்டதும் அவர்கள் ஒரு சிறு புத்தகம் போடத் தீர்மானித்தார்கள். நம்மை இங்கே அனுப்பியது யார், எப்படி அனுப்பினார்கள் என்று ஆளாளுக்குச் சொல்வதை எழுதி அச்சடிப்பது. பெரியவர்களில் பாதிப் பேருக்கு எழுத வராது. அதனால் பிளஸ் டூ படிக்கிற என் மகள் செல்வியிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வீடு வீடாகப் போய் எழுதச் சொன்னார்கள்.

செல்விக்குக் கப்பலேறும்போது ஏழு வயது. கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறதாம். இப்போது அவள் பேசுகிற தமிழ் இந்த ஊர்த் தமிழ். நான் கடையில் "ஒரு ராத்தல் பாண் குடுங்க" என்று கேட்டால் நாலடி தள்ளி நின்றுகொள்வாள். வீட்டுக்கு வந்ததும், "பிரெட்டுன்னு சொல்லுங்கப்பா, அவங்க சிரிக்கிறாங்க" என்பாள். சிரிக்கட்டும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். சொந்த மகளிடம்கூட அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா சொன்னதை எழுதிட்டேன். நீங்க அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

மாமா என்றால் என் அக்கா பார்வதியின் புருஷன், இராமையா மச்சான். இங்கே மூன்றாவது வீட்டில் இருக்கிறார்.

"நான் எதுக்கு?"

"நீங்கதானே அந்தச் சால்வைக்காரர் கூட்டத்துக்குப் போனவரு? மாமா போகலையே. நேர்ல கேட்ட ஆள் நம்ம தோட்டத்துல நீங்க ஒருத்தர்தான்னு மாமாவே சொன்னாரு."

வாசித்துக் காட்டினாள். சால்வைக்காரர் கூட்டத்தில் சொன்னதாக மேலே பெரிய எழுத்தில் இருந்தது: "போகிறவன் போகட்டும். ஒருத்தன் கூடையை இறக்கி வைத்தால் எடுத்துத் தூக்க ஒன்பது பேர் இருக்கிறார்கள். மலை யாருக்காகவும் அழாது." அதன் கீழே மச்சான் சொன்னது: "இந்த வார்த்தையைக் கேட்ட அன்றைக்கே நான் இந்தியா போகிற பாரத்தை நிரப்பினேன். எங்களைத் துரத்தியது அரசாங்கமில்லை, இந்த வார்த்தைதான்."

"கடைசி வரியைத்தான் புத்தகத்துக்குத் தலைப்பா வைக்கப் போறோம்பா. மலை யாருக்காகவும் அழாது. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். "விரல் வலிக்குதும்மா, நாளைக்குப் போடுறேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விரல் வலித்தது பொய்யில்லை. போடாததற்குக் காரணம்தான் வேறு.

3

எழுபதாம் வருஷத் தொடக்கம். எந்த நாட்டுப் பிரஜையாவது, இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று விண்ணப்பப் பாரம் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. லயத்தில் வேறு பேச்சே இல்லை. ஒரு காம்பிராவில் புருஷன் இந்தியா என்பான், பெண்சாதி சிலோன் என்பாள், இரண்டு நாள் அடுப்பு எரியாது. எல்லாரும் ஒரே ஒரு ஆளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சால்வைக்காரர் என்ன சொல்கிறார்? அவர் ஹட்டன் மைதானத்தில் கூட்டம் போட்டுப் பேசப்போகிறார் என்று சேதி வந்தது.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை நாளில் கூட்டமென்றால் எல்லாரும் போக முடியாது. ஒரு ஆளை அனுப்புவோம். "கேட்டு வர்ற ஆளு" என்று அவருக்குப் பேர். அவருக்கு விழுந்த கவ்வாத்து நிரையை மற்ற ஆண்கள் ஆளுக்கு நாலு செடியாகப் பங்கு போட்டு வெட்டி முடிப்பார்கள். கணக்கப்பிள்ளையும் பார்த்தும் பாராதவர்போல அன்றைய சம்பளத்துக்கு அவர் பேரைப் போட்டுவிடுவார். அதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மறுநாள் விடிகாலை ஆட்கள் கூடுகிற பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு முன்னால், கேட்டதை எல்லார் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும்.

அந்த முறை என்னை அனுப்பச் சொன்னது மச்சான்தான். அவர் சால்வைக்காரரின் தீவிரமான ஆள். அவர் படம் போட்ட வட்டச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் கோயிலுக்கே போவார்.

"சின்னையாவை அனுப்புங்க" என்றார். "இவன் வாயிலருந்து ஒரு வார்த்தை வாங்கவே நாம தவம் இருக்கணும். கூட்டிச் சொல்ல மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனேன். நான் போய்ச் சேரும்போதே மைதானம் நிறைந்துவிட்டது. எனக்குக் கடைசி வேலியோரம்தான் இடம். பக்கத்து மரத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. மூன்று மணிக்கு மேல் பனி இறங்கி மேடையை மூடிவிட்டது. ராகலைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடை தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

"மேடையா? எனக்கு என் கால் பெருவிரலே தெரியல தம்பி."

ஒவ்வொருவராகப் பேசி, சால்வைக்காரர் எழுந்தபோது நாலரை ஆகிவிட்டது. மழைத் தூறலும் சேர்ந்துகொண்டது. முதலில் பிரஜாவுரிமை பற்றி, அப்புறம் சம்பளம் பற்றிப் பேசினார். ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரல் மாறி வந்தது, மூக்கால் பேசுவது மாதிரி. அப்போதுதான் அந்த வார்த்தை. போகிறவன் போகட்டும். கூடை, ஒன்பது பேர், மலை. எல்லாம் நோட்டில் இருப்பதுபோலவேதான். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

முன்வரிசையில் பெரிய சிரிப்புச் சத்தம் எழும்பியது.

"என்னண்ணே சிரிக்கிறாங்க?"

"முன்னால சுண்டல் குடுக்கிறாங்க போல. நமக்கு எங்க வரப்போகுது?" என்றார் ராகலைக்காரர்.

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். எங்கள் பக்கம் போகிற கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் மழையில் நடந்துதான் வர வேண்டும். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிலையத்தில் நிற்கும்போதும் ஒலிபெருக்கிச் சத்தம் மலையில் முட்டி முட்டி வந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று மட்டும் புரியவில்லை.

மறுநாள் பெரட்டில் நின்று சொன்னேன். சொல்லி முடித்ததும் மச்சான் கேட்டார்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னாரு?"

எனக்காக எல்லாரும் ஆளுக்கு நாலு செடி வெட்டியிருந்தார்கள். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அத்தனை முகமும் என்னையே பார்த்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ்வளவுதாங்க" என்றேன்.

நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்தான் பொய்.

மச்சான் சட்டையிலிருந்த சின்னத்தைப் பிடுங்கித் தண்ணி ஓடுகிற கானில் எறிந்தார். அன்று மத்தியானமே இந்தியா பாரத்தை வாங்கிவந்து ஆளைப் பிடித்து நிரப்பிக் கொடுத்தார். அக்கா போகிறாளே என்று நானும் நிரப்பினேன். இரண்டு நாளில் ஒரு பத்திரிகையிலும் அதே வரிகள் வந்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மச்சான் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெட்டி டிரங்குப் பெட்டியின் மூடியில் ஒட்டினார். அந்தப் பெட்டி இன்றைக்கும் அவர் வீட்டில் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் முதலில் தெரிவது அந்தத் துண்டுதான்.

4

கையெழுத்துப் போடாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தேன். செல்வி இரண்டு முறை கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் வேலை முடிந்து குழாயடியிலிருந்து தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"கொழுந்து பறிக்கிற கைக்குப் புத்தகம் எதற்கு? தோட்டத்துப் பிள்ளைகள் படித்து யாருக்கு என்ன லாபம்? அவர்கள் இடம் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில்தான்!"

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. இந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் அவள் அம்மா ஒரு நாள்கூட மட்டம் போடாமல் மலைக்குப் போகிறாள். அதுவா இப்படிப் பேசுகிறது? அங்கேயிருந்து நகர்ந்து போய்விடலாம் என்று இரண்டடி வைத்தேன். போகவும் முடியவில்லை.

அப்போது அவள் குரல் மாறியது. "இப்படியெல்லாம் எதிரணியினர் சொல்வார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்..." என்று தொடங்கி, அவள் கேட்ட கேள்விகளை என்னால் இங்கே அப்படியே எழுத முடியாது. அவ்வளவு நன்றாகக் கேட்டாள். பள்ளிக்கூடப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறாளாம்.

"அப்பா, ஏன் நனைஞ்சு நிக்கிறீங்க?"

"முதல்ல பேசினது யாரு?"

"நான்தான். எதிரணி சொல்றதை முதல்ல நாமே சொல்லிட்டு, அப்புறம் அடிக்கணும். அப்பதான் கைதட்டு வாங்கலாம்."

நான் மட்டும் அந்த இரண்டடிக்கு மேல் நகர்ந்து போயிருந்தால் என் மகளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டே இருந்திருப்பேன் என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. ஹட்டன் மைதானத்தில் முன்வரிசைக்காரர்கள் ஏன் சிரித்தார்கள்? நம்புகிற ஒரு ஆள் எழுந்து "போய்த் தொலை" என்று சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்களா? அந்தக் குரல் ஏன் மூக்கால் வந்தது? பதினாறு வருஷமாக அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தும் நான் அதைக் கேட்கவே இல்லை.

ஒருவர் சொல்லாததை அவர் பேரில் எழுதுவது எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியும். இந்தியா வந்த புதிதில் குடும்ப அட்டை வாங்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பழக்கதோஷத்தில் அங்கிருந்த எழுத்தரை "மாத்தையா" என்று கூப்பிட்டுவிட்டேன். நம் ஊரில் எந்த உத்தியோகத்தரையும் அப்படித்தானே கூப்பிடுவோம்.

"யாருய்யா மாத்தையா? எம்பேரு அங்க பலகையில இருக்கு, பாரு" என்றார். பிறகு, "ஏன் வந்தீங்க அங்கருந்து?" என்று கேட்டார்.

எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்றேன். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவரே எழுதிக்கொண்டு, "கையெழுத்துப் போடு" என்று நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். காரணம்: சொந்த விருப்பம். என் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆனாலும் அது என் பேச்சாக அந்தத் தாளில் இன்னும் இருக்கிறது. கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

5

சேவியர் மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். இதழ் நடத்துகிற அவர் அந்தக் காலத்தில் சால்வைக்காரரின் மேடைக்குக் கீழே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் கூட்டத்தில் நான் போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டிருந்தேன். பதில் வர ஆறு வாரமானது. அந்த ஆறு வாரமும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். என் மனைவி தங்கம், "யாராவது பொம்பளையா எழுதுறா?" என்று கேட்டுவிட்டாள்.

மாஸ்டர் அன்றைக்கே எழுதி வைத்ததைத் தேடியெடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். சால்வைக்காரர் துரை மாதிரி பேசப்போகிறபோது வலது தோள் சால்வையை எடுத்து இடது தோளில் போட்டுக்கொள்வாராம். பார்க்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு. அந்த வார்த்தைகள் துரை பேச்சு. அப்புறம் சால்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னாராம்:

"இது துரை பேச்சு. இப்ப என் பேச்சைக் கேளுங்க. போகணும்னா போங்க, இருக்கணும்னா இருங்க. ஆனா பயத்துல பாரம் நிரப்பாதீங்க. கோவத்துல நிரப்பாதீங்க. பொண்டாட்டிகிட்டக் கேட்டு நிரப்புங்க. இருக்கிறவங்களுக்கு நீ என்ன செய்யப்போறேன்னு கேட்டா, எனக்கே இன்னும் தெரியல."

கடிதத்தின் கடைசியில் மாஸ்டர் இன்னொன்றும் எழுதியிருந்தார். "சின்னையா, நான் அவருடைய ஆள் என்பது உனக்குத் தெரியும். என் நோட்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. கேட்ட மற்றவர்கள் இருந்தால் விசாரி. ஒன்று மட்டும் எனக்கே உறுத்துகிறது. கோபத்தில் நிரப்பாதே என்று சொன்னவர், கடைசி பஸ் ஐந்து மணிக்கு என்று தெரிந்தும் நாலரைக்குத்தான் பேச எழுந்தார். தூரத்து ஆட்கள் போய்விடுவார்கள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பத்திரிகைக்காரர் கடைசிவரை இருந்தார். அவர் ஏன் அந்தப் பாதியை மட்டும் போட்டார் என்று எனக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது. என் காரணம் பஸ். அவருடைய காரணம் என்னவோ.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சால்வைக்காரர் துரத்தவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நம்பிப் போனவர்களிடம் "எனக்கே தெரியல" என்று சொன்னதை நல்லதென்பதா, கைவிட்டதென்பதா? அன்று நான் அதையும் சேர்த்துப் பெரட்டில் சொல்லியிருந்தால் மச்சான் என்ன செய்திருப்பார்? சின்னத்தை எறியாமல் இருந்திருப்பாரா? ஒருவேளை அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டிருப்பாரா? இதை நான் யாரிடம் கேட்க? மச்சானிடம்தான் கேட்க வேண்டும்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். மச்சான் வீட்டுக்கு முன்னால் முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

"மச்சான், அந்தக் கூட்டத்துல நான் கடைசி வரைக்கும் இருக்கலீங்க."

"எந்தக் கூட்டத்துல?"

"சால்வைக்காரரு கூட்டம். அஞ்சு மணி பஸ்ஸுக்கு எந்திரிச்சு வந்துட்டேன். நான் சொன்னதுக்கு அப்புறமும் அவரு பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தைக் கொடுத்தேன். அவருக்கு வாசிக்க வராது. நானே வாசித்தேன். முடித்ததும், "இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன்.

"கோவத்துல நிரப்பாதேன்னா சொன்னாரு?"

"மாஸ்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"பொண்டாட்டிகிட்டக் கேட்டு நிரப்புன்னா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல, ரெண்டு நாளு பொறுத்து எழுதுங்கன்னு. நான் சொன்னதை எந்தப் பத்திரிகைக்காரன் போட்டான்?"

மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னாருன்னு நான் உன்கிட்டக் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவ்வளவுதாங்கன்னு சொன்னேன்."

"ஏண்டா?"

"கூச்சமா இருந்துச்சு மச்சான். எனக்காக எல்லாரும் செடி வெட்டியிருந்தீங்க. பாதியில வந்துட்டேன்னு சொல்ல வாய் வரல."

"ஒரு பஸ்ஸுக்காக."

"அது கடைசி பஸ்ஸுங்க."

அவர் சிரிப்பார் என்று நினைத்துச் சொல்லவில்லை. அது உண்மையிலேயே கடைசி பஸ். அவர் சிரிக்கவும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் அவர் என்னோடு பேசவில்லை. மலையில் எதிரே வந்தால் நிரை மாறிப் போய்விடுவார். இத்தனை வருஷம் அவர் அந்த ஒரு ஆளைத் திட்டித்தான் இங்கத்திய குளிரையும், முதல் இரண்டு வருஷம் வேலை இல்லாமல் அலைந்ததையும் தாங்கினார். அதைப் போய்க் கெடுத்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது. தங்கமும், "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" என்றாள்.

நாலாவது வாரம் அவரே வந்தார். வாசலில் நின்றபடியே செல்வியைக் கூப்பிட்டார்.

"நோட்டை எடுத்துட்டு வா பாப்பா. நான் சொன்னதை அடிக்காத. நான் காதுல கேட்டதைத்தான் சொன்னேன், அதுல பொய்யில்ல. அதுக்குக் கீழ உங்கப்பன் சொல்றதையும் எழுது. பஸ்ஸுல வந்தது, மாஸ்டர் காயிதம், எல்லாத்தையும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தாளு நல்லவரா கெட்டவரான்னு எனக்கு இப்பவும் ஒண்ணும் தெரியல மாப்ள. ஆனா தொரை சொன்னதுக்கு அவரை இத்தனை நாளா திட்டிட்டேன். அது சரியில்லல்ல?" என்றார்.

7

செல்வி எழுதியதைச் சங்கத்துச் செயலாளர் படித்துப் பார்த்தார். படித்தவர், நல்ல மனிதர்தான். "ஒரே வரியில மனசுல தைக்கணும்ணே. நீங்க சொல்றது எங்கெங்கேயோ போகுது. இதைப் போட்டா படிக்கிறவனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்" என்றார். மச்சான் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்வதாகவும் என்னுடையதற்கு இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மச்சான் கேள்விப்பட்டு நேரே போனார். செல்விதான் கூடப் போய்விட்டு வந்து சொன்னாள். "ரெண்டையும் போடு. இல்லன்னா ரெண்டையும் எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம். என்ன சொல்லியும் அசையவில்லையாம்.

இரண்டையும் எடுத்துவிட்டார்கள். புத்தகம் பொங்கலுக்கு வந்தது. வேறு தலைப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கிறது. டிரங்குப் பெட்டி மூடியில் அந்தப் பத்திரிகைத் துண்டு அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழிக்கவில்லையா என்று கேட்டேன். "எதுக்கு? அவன் போட்டது அதுதானே" என்றார். மாஸ்டர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்.

இதையெல்லாம் ஹட்டனுக்கு, மாஸ்டர் இதழுக்கு எழுதலாம் என்று சொன்னது செல்விதான். முதலில் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதியும் பார்த்தாள். படித்துக் காட்டியபோது நன்றாக இருந்தது, ஆனால் நான் பேசுகிற மாதிரி இல்லை. அவளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தத் தாளை மடித்தாள்.

"நீங்களே எழுதுங்கப்பா. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. நான் எழுதினா நான் சொன்னதா ஆயிடும்."

ஆத்துமேடு மேல்பிரிவில் அன்று எனக்காக ஆளுக்கு நாலு செடி வெட்டியவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அன்று பெரட்டில் நான் சொல்லாமல் விட்ட மீதி இதுதான். இந்த இதழை யாராவது ஒருவர் படித்துக்காட்டி மற்றவர்கள் கேட்பதுதான் அங்கே வழக்கம். படிக்கிறவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நடுவில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் போங்கள், தப்பில்லை. பாதிதான் படித்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

1987 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை.